ஜன்னல் எழுதிய வரிகள்

வெள்ளிக்கிழமை ஆறரை மணி முதல் ஏழரை மணி வரை அந்தச் செல்போன் குழுவில் யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். ‘தும்பி’ தொடர் ஆறு மணிக்கு டிவியில் தொடங்கி ஆறரைக்கு முடியும். முடிந்த கையோடு ஒவ்வொருவரும் தன் மனசில் பட்டதை ஒரே ஒரு பதிவாக எழுதிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கலாம், சிரிக்கலாம், பல்லை நறநறவென்று கடிக்கலாம். பதில் மட்டும் கூடாது. ஏழரைக்குப் பல்லக்கா வந்து “பேசலாம்” என்று ஒரு வார்த்தை போடுவாள். அதற்கப்புறம் முந்நூறு பேரும் சந்தைக்கடை மாதிரி இரைச்சல் போடலாம்.

சட்டத்தைப் போட்டவளே பல்லக்காதான். வாய்ச்சாலகம் உள்ள ஒருவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தாங்கள் கண்டதை மறந்துவிட்டு அவர் கண்டதையே கண்டதாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. கூச்சக்காரர்களுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று நினைத்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செட்டு செய்யும் கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. மாவுக்கட்டி அச்சும், உருக்கிய மெழுகும், சுழலும் சின்ன அரமும்தான் அவள் உலகம். எந்த வாய்க்குச் செய்கிறாளோ அந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அச்சைக் கையில் எடுத்தால், இவர் இடது பக்கமே மெல்கிறவர், இவர் தூக்கத்தில் பல்லை அரைக்கிறவர் என்று சொல்லிவிடுவாள். “பல்லுக்காரி தலைவி, கடிக்கிறவங்கல்லாம் தொண்டர்கள். நல்ல கட்சி” என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

‘தும்பி’ பொம்மைப் படம்தான். தும்பி வடிவத்தில் ஒரு விண்கலம். அதில் ஒரு கேப்டன், ஒரு சமையல்காரர், ஒரு பெண் மெக்கானிக், குமிழ் என்று ஓர் இயந்திரக் குழந்தை. நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய், தொலைந்து போன இன்னொரு கலத்தைத் தேடுகிறார்கள். குழந்தைகளுக்கு என்றுதான் எடுத்தார்கள். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

அங்கே லாரிக்காரர் என்று ஒருவர் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை எடுக்காமல் வீட்டில் இருப்பார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே அவர் பதிவு வந்து விழும். எப்போதும் முதல் ஆள் அவர்தான். “கேப்டனை நம்பாதீங்க, ஆள் சரியில்லை” என்பார், அடுத்த வாரம் “கேப்டன்தான்யா மனுஷன்” என்பார். வெட்கமே கிடையாது.

தொடர் தொடங்கிய முதல் வாரமே ஜன்னல் என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். ஆணா பெண்ணா தெரியாது. வாரம் ஒரு பதிவு, அவ்வளவுதான். ஏழரைக்கு மேல் எல்லோரும் பேசும்போது ஜன்னல் வாய் திறந்ததே இல்லை. பதிவுகளும் ஒரு தினுசு. “பெரிய காதுக்காரர் சமையல்காரர்கிட்ட எதையோ மறைக்கிறார். மறைக்கும்போதெல்லாம் இடது கட்டைவிரலை மடக்கிக்கிறார்.” பெரிய காதுக்காரர் என்றால் கேப்டன். இன்னொரு வாரம், “அவர் கையில் கட்டு எப்ப வந்தது?” சண்டை நடந்து கை உடைந்ததை ஊரே பார்த்திருக்க, இப்படிக் கேட்டதும் லாரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நாலாவது வாரம் இப்படி: “மெக்கானிக் பொண்ணுக்குக் கண் மங்கிட்டு வருது. சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறா.” அதை யாரும் சட்டை செய்யவில்லை.

ஏழாவது வாரம் மெக்கானிக் கேப்டன் முன்னால் நின்று, தனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னாள்.

அன்று ஏழரை மணிக்கு “பேசலாம்” என்று போட்டதுதான் தாமதம், லாரிக்காரர் குதித்தார். மூன்று வாரம் முன்னாடியே ஜன்னலுக்கு எப்படித் தெரியும்? படம் எடுக்கிற இடத்தில் வேலை செய்கிற ஆள், கதையைக் கசியவிடுகிறார் என்றார். பலருக்கும் அது நியாயமாகப் பட்டது. காரணம் இருந்தது. போன வருஷம் இதே மாதிரி வேறொரு குழுவில் யாரோ கதையை முன்கூட்டிச் சொல்லப்போய், படக் கம்பெனி அந்தக் குழுவையே மூட வைத்துவிட்டது. கசியவிடுகிறவரை வெளியேற்றுவது என்று அப்போதே இங்கே தீர்மானம் போட்டிருந்தார்கள். நாளைக்கே வாக்கெடுப்பு என்றார் லாரிக்காரர். பல்லக்கா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

அந்த வாரம் மதிய இடைவேளைகளில் பல்லக்கா ஜன்னலின் ஏழு பதிவுகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, ஓர் அச்சைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். அச்சில் இருக்கும் பல்லை எல்லோரும் பார்ப்பார்கள். இல்லாத பல்லைப் பார்ப்பதுதான் அவள் வேலை. மூன்றாம் நாள் அது தட்டுப்பட்டது. ஏழு பதிவிலும், படத்தில் யாரும் பேசிய ஒரு வாக்கியம்கூட இல்லை. கண் இருந்தது, விரல் இருந்தது, நடை இருந்தது. பேச்சே இல்லை. இந்த மனுஷர் எப்படித்தான் படம் பார்க்கிறார்?

அன்று படுக்கும்முன் கும்பிட்டபோது, தெரியாததைத் தெரிந்ததாக நினைக்கும் புத்தியைத் தனக்குக் கொடுக்காதே என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டாள். காலையில் ஜன்னலுக்குத் தனியாக எழுதினாள். குற்றம் சாட்ட வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று தொடங்கி, மனசில் இருந்ததைக் கேட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: “எழுதிச் சொல்ல வராது. வெள்ளிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வந்தா காட்டறேன்.” கூடவே ஒரு முகவரி.

அது நாலு மாடி வண்டி நிறுத்துமிடம். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பொத்தானை அழுத்தித் தடுப்புக் கட்டையைத் தூக்குவதும் இறக்குவதுமாக உட்கார்ந்திருந்தாள். பல்லக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒரே நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

“ஆம்பளைன்னு நினைச்சீங்களா?” என்று கேட்டாள்.

“படம் எடுக்கிறவங்கன்னு நினைச்சிருக்காங்கக்கா” என்றாள் பல்லக்கா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆறு மணிக்குத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த டிவி கடையின் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கதவு உயரம் இருந்த திரையில் தும்பி பறந்தது. கடைக்காரரின் மகள் அதைப் பார்க்கிறவள். ஆகவே வெள்ளி தவறாமல் ஓடும். கட்டைக்காரம்மா கூண்டின் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு சத்தமும் இங்கே வரவில்லை. வண்டிகளின் இரைச்சல்தான். கேப்டன் வாயை அசைத்தார், சமையல்காரர் கையை உதறினார். நடுவில் ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கியது. அது நகர்ந்தபோது, திரையில் கலம் வேறொரு கோளில் இறங்கியிருந்தது.

“இப்படித்தான் அன்னைக்கு அவர் கை உடைஞ்சதும் போச்சு” என்றாள் கட்டைக்காரம்மா.

பல்லக்காவுக்கு முதல் பத்து நிமிஷம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பார்வை ஊன்றியது. கேப்டன் கட்டைவிரலை மடக்கினார். இத்தனை வாரத்தில் அவள் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மடக்கிவிட்டுச் சமையல்காரரின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

படம் முடிந்ததும் கட்டைக்காரம்மா செல்போனை எடுத்து இரண்டு வரி தட்டினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வாக்கெடுப்பு முடிகிற வரை எழுதப் போவதில்லை என்றாள். நடந்ததைக் குழுவில் சொல்லிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அம்மாள் கேட்கவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாம் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள், தான் பாதி பார்த்தவள், அவர்கள் நடுவில் உட்கார்ந்து எழுதியதே தப்போ என்று அவளுக்கு மனசு உறுத்தியது.

“அப்புறம் எதுக்குக்கா சேர்ந்தீங்க?”

“ஏழரைக்கு மேல நீங்கள்லாம் பேசறதைப் படிச்சுத்தான் யார் என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்குவேன். அப்படித்தான் தொலைஞ்ச கலத்துல போனவ கேப்டனுக்கு அக்கான்னே தெரிஞ்சுது. அதுவரைக்கும் பொண்டாட்டின்னு நினைச்சிருந்தேன்.” கட்டையைத் தூக்கி ஒரு வண்டியை உள்ளே விட்டாள். “படத்துல பாதி அந்தக் கடையில இருக்கு. மீதி உங்ககிட்டதான் இருக்கு. வெளிய போகச் சொல்லிட்டா எனக்குக் கதை பாதியில நின்னுடும், அவ்வளவுதான்.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பல்லக்கா வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான், கையைக் கட்டிக்கொண்டு நீந்தச் சொன்ன மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லக் கூடாது, பொய் சொல்லவும் மனசு வராது. ஒரு மனுஷியை அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, ‘எனக்கென்ன’ என்று போகவும் முடியாது. அப்படி முடியாமல் போவதைத்தான் நல்லவர்கள் கடவுளின் கை என்று சொல்கிறார்கள்.

சனிக்கிழமை அவள் எழுதினாள். ஜன்னல் படக் கம்பெனி ஆள் அல்ல, அதற்கு நான் பொறுப்பு. எப்படி என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த அத்தியாயத்தை எல்லோரும் டிவியில் சத்தத்தை அமுக்கிவிட்டுப் பாருங்கள். வழக்கம்போல ஒரு மணி நேரம் அவரவர் கண்டதை எழுதுங்கள். வாக்கெடுப்பை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

குழு கொந்தளித்தது. சத்தமில்லாமல் படம் பார்ப்பது உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி என்றார் ஒருவர். லாரிக்காரர், “அக்காவுக்குப் பல்லு செஞ்சு செஞ்சு காது போயிடுச்சு” என்றார். இருந்தாலும் எல்லோருக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு.

அந்த வெள்ளி ஆறரைக்கு வந்து விழ வேண்டிய லாரிக்காரரின் பதிவு வரவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள். குமிழ் பயந்தால் விளக்கு நீலமாகிறது என்றார் ஒருவர். கேப்டன் பொய் சொல்லும்போது விரலை என்னவோ செய்கிறார் என்று இருபது பேராவது எழுதினார்கள். மெக்கானிக் முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் நடந்தாளோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். ஏழு மணி தாண்டி லாரிக்காரரின் பதிவு வந்தது. அவர் வழக்கத்துக்கு அது நீளம்.

“மெக்கானிக் பொண்ணு இன்னைக்கு மூணு தடவை சுவரைத் தொட்டா. எங்கப்பாவுக்குக் கண் போனப்போ அவரும் இப்படித்தான் தொட்டுத் தொட்டு நடந்தார். வீட்ல இருந்த எனக்கு அப்ப தெரியல. ஜன்னல், நீங்க சத்தமில்லாமத்தான் பார்க்கறீங்களா? அப்படின்னா நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க.”

பதில் சொல்லக் கூடாத நேரம் அது. சட்டத்தை மீறி, அதுவரை வாரம் ஒரு பதிவு தவிர எதுவும் எழுதாத ஜன்னல் பதில் சொன்னாள். கூண்டு, கட்டை, தெரு, கடை, எல்லாவற்றையும் தானே சொன்னாள். பல்லக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். வாக்கெடுப்பைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஏழரைக்கு லாரிக்காரரே ஒரு யோசனை சொன்னார். ஆறு மணிக்கு ஜன்னலைக் கூப்பிட்டுவிட்டு, செல்போனைத் தன் வீட்டு டிவி பக்கத்தில் வைத்துவிடுவதாம். அங்கே படம், இங்கே சத்தம். செல்போன் அங்கே மாட்டிக்கொண்டால் முதல் பதிவு போட முடியாதே என்று யாரோ சீண்டினார்கள். “போட்டவரைக்கும் போதும். எவன் தங்கப் பதக்கம் கொடுத்தான்?” என்றார் அவர்.

அடுத்த வெள்ளி ஆறு முப்பத்து நாலுக்கு ஜன்னலின் பதிவு வந்தது. அன்று அதுதான் முதல்.

“சத்தம் ஒரு நொடி லேட்டா வருது. கதவு மூடினப்புறம்தான் மூடற சத்தம் கேட்குது. பரவாயில்லை. கேப்டனுக்கு இவ்வளவு மெல்லிசா குரல் இருக்கும்னு நினைக்கல. இத்தனை வாரமா நான் அவருக்குக் கரகரன்னு ஒரு குரல் கொடுத்திருந்தேன், பழக நாளாகும். சமையல்காரர் ஒவ்வொரு தடவையும் பேசறதுக்கு முன்னாடி மூக்கால சின்னதா மூச்சு இழுக்கறாரே, அது எதுக்கு?”

பல்லக்கா இரண்டு தடவை படித்தாள். சமையல்காரர் மூச்சு இழுப்பதா? பத்து அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் அவள் சத்தமில்லாமல் பார்த்தது, ஒன்றைக் கூண்டிலிருந்து. மீதி எல்லாவற்றையும் காதோடுதான் பார்த்தாள். அப்படி ஒரு மூச்சு அவள் காதில் விழுந்ததே இல்லை.

ஏழரைக்குப் பேச்சைத் திறந்துவிட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் நோயாளியா, எதையோ மோப்பம் பிடிக்கிறாரா, குரல் கொடுக்கிற நடிகரின் பழக்கமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் லாரிக்காரர் வந்தார். அடுத்த வாரம் தான் கண்ணை மூடிக்கொண்டுதான் படம் பார்க்கப்போவதாக அறிவித்தார்.