முப்பத்தேழு டிகிரி

சனிக்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தபோது, கிருமி வளர்க்கும் தட்டுகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. ரத்தச் சிவப்பாக வரவேண்டிய பாக்டீரியா. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் சூட்டை முப்பத்தேழுக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். நம் உடம்புச் சூடு அது. அதில் இவை நன்றாகவே வளரும், நிறம் மட்டும் வராது. வேறு சில இனங்களோ அந்தச் சூடு பட்டால்தான் விஷமே சுரக்கும். அவள் போனில் மன்னிப்புக் கேட்டாள். தட்டுகளை வெளியே வைத்தால் சிவந்துவிடும், விடு என்றேன்.

எனக்கு வீட்டு நினைப்பு. மகள் வந்திருந்தாள். நானும் அவள் அப்பாவும் பிரிந்ததிலிருந்து வாரக்கடைசி மட்டும்தான் என்னிடம். இனி யாரோடு இருக்கப்போகிறாள் என்பதை நாளைக்கு அவளே எங்களிடம் சொல்ல வேண்டும். என் வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவளுக்கு. நானும் சும்மா இருப்பதில்லை. சாப்பிட்டாயா, குளிருகிறதா, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று பின்னாலேயே அலைவேன். ஒரு குறை வைத்ததில்லை.

போன வாரம் அவள் அத்தை போனில் பேசினாள். "இங்க வந்தா வாயே மூட மாட்டேங்கறா அண்ணி. குளிக்கும்போதுகூட பாட்டுதான்." குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். என் மகள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

மதியம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். தட்டுகளைப் பார்த்தபடி இருந்தவள், போனை எடுத்து மகளிடம், வேலை முடியவில்லை, சாயங்காலம் ஆகும் என்று பொய் சொன்னேன்.

"சரிம்மா. மெதுவாவே வா."

அவ்வளவு இதமாக அவள் என்னிடம் பேசி எத்தனையோ நாளாயிற்று. போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, வெளியே எடுத்து வைத்திருந்த தட்டுகளில் லேசாக ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது.

மாடிப்படி ஏறும்போதே கேட்டது. சுருதி விலகிய, ஆனால் கூச்சமே இல்லாத குரல். பாதியில் வரி மறந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

குப்பைப் பையோடு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சாவிய மறந்துட்டீங்களா? உள்ளதான் பாப்பா இருக்கே, பெல் அடிக்கட்டுமா?"

"வேணாங்க. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சாவி என் கைக்குள்தான் இருந்தது, உள்ளங்கைச் சூடு ஏறி.