ஒட்டுக்கைச் சட்டை

இது சிரித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை, கண்ணுகளா. நடுவில் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். துணி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஆளுக்கு இத்தனை கஜம் என்று ஆபீஸில் எழுதியிருந்தாலும், தா.பழூர் சேரிக்கு வந்து சேர்வதற்குள் கஜம் முழமாகி, முழம் சாணாகிவிடும். சேலையில் பாதியை உடம்பில் சுற்றிக்கொண்டு மறுபாதியை வெயிலில் பிடித்துக் காயவைத்த பெண்களை அந்த வாய்க்கால் கரையில் தினமும் பார்க்கலாம்.

அந்தச் சேரியில் பொன்னாயியின் புருஷன் கொளஞ்சி பட்டாளத்திலிருந்து திரும்பினான். துப்பாக்கி தூக்கிய பட்டாளம் இல்லை. அஸ்ஸாம் காட்டில் மண் வெட்டி ரோடு போட்ட பட்டாளம். வரும்போது ஒரு கிழிந்த கூடாரத் துணியும், ஒரு கார்னெட்டும் கொண்டுவந்தான். கார்னெட் என்றால் வாயில் வைத்து ஊதுகிற பித்தளை வாத்தியம். மேலே மூன்று பொத்தான்கள் இருக்கும். பட்டாளத்து பேண்டுக்காரன் ஒருவன் நசுங்கிப்போயிற்று என்று தூக்கி எறிந்ததை இவன் பொறுக்கிவந்து, யாரும் சொல்லித்தராமல் ஊதிப் பழகியிருந்தான்.

ஊரில் அரியமுத்து தப்படிப்பான். சவரிமுத்து பம்பை வாசிப்பான். மூன்று பேரும் ஒரு நாள் களத்துமேட்டில் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். தப்பும் பம்பையும் தரையைப் பிடித்து உலுக்க, அதற்கு மேலே அந்தப் பித்தளைச் சத்தம் ஏறி நின்றது. புல்லுக்கட்டோடு போனவர்கள் கட்டைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள்.

"இது சாவுக்கு அடிக்கிறதா, கல்யாணத்துக்கு அடிக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டுக்கும் ஆவும் சித்தப்பா. நீங்க எதுக்குக் கூப்புடுறீங்க?" என்றான் அரியமுத்து.

கூடாரத் துணியில் சட்டை தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சவரிமுத்துவின் அக்கா அற்புதம்மாள் வரதராசன்பேட்டையில் கைமிஷின் வைத்திருந்தாள். துணியை விரித்து அளந்து பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மூணு ஒடம்புக்கு வரும் தம்பி. கைக்கு வராது. கையில்லாத சட்டையப் போட்டுக்கிட்டு உரிச்ச கோழியாட்டம் நிப்பீங்களா?"

மறுநாள் பொன்னாயி நடந்தே போய்த் தன் கல்யாணக் கூறைச் சேலையை அற்புதம்மாள் முன்னால் வைத்தாள். சிவப்புச் சேலை. உடம்புப் பக்கம் நைந்து உடுத்த முடியாமல் போயிருந்தது. முந்தானை மட்டும் சாயம் போகாமல் இருந்தது.

"இது கூறச்சேலயாச்சே பொன்னாயி."

"பொட்டியில மக்கறதுக்கு அந்த மனுசன் கையில கெடக்கட்டும் அக்கா."

இப்படித்தான் அந்தச் சட்டை பிறந்தது. காக்கி உடம்பு, சிவப்புக் கை. துணி போதாமல் ஒட்டுப் போட்ட சட்டை. அதை முழங்கைக்கு மேலே இரண்டு மடிப்பு மடித்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கொளஞ்சிக்குப் பட்டாளத்தில் வெட்டிய முடி வளர்ந்து நெற்றியில் விழ, சிறுவாச்சூர் அம்மன் திருவிழாவில் மூன்று பேரும் வந்து நின்றார்கள். அன்றைக்கு ஆடாத கால் இல்லை.

அதன் பிறகு பாருங்கள், ஒரு கூட்டம் அவர்கள் பின்னாலேயே அலைய ஆரம்பித்தது. எல்லாச் சாதிப் பையன்களும்தான். எந்த ஊரில் இவர்கள் வாசித்தாலும் மாடு மேய்ப்பதை விட்டு, கடையை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தே வந்துவிடுவார்கள். நெற்றியில் முடியை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பிறகு சட்டை. அரியலூர் கடைத்தெருவில் தையற்காரர்கள் நல்ல முழுத்துணியை வெட்டி, வேண்டுமென்றே வேறு நிறத்தில் கை ஒட்டித் தைத்துத் தொங்கவிட்டார்கள்.

அதைப் பார்த்துவிட்டு அரியமுத்து நடுத்தெருவில் நின்று சிரித்தான். "நம்ம இல்லாமைக்குக்கூட கூலி குடுத்துத் தச்சுக்கிறானுவ பாருடா."

சேரி ஆள் சட்டை போட்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாத காலம் அது. ஆனால் இவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேளக்காரன் வேஷம் என்று விட்டுவிட்டார்கள். மேளம் அடிக்காத நாளில் கொளஞ்சியும் வெறும் உடம்போடு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நடப்பான்.

கொளஞ்சி யாரிடம் வேலை பார்த்தானோ அந்தப் பெரிய வீட்டின் ஒரே பிள்ளை கலியபெருமாள். அவனுக்கு இந்த வாத்தியத்தின் மேல் கொள்ளை ஆசை. ஒரு நாள் வாய்க்கால் கரையில் கொளஞ்சியைத் தேடிக்கொண்டு வந்தான்.

"டேய் கொளஞ்சி, கைய எப்படிடா மடிக்கிற? எனக்கு சுருண்டு சுருண்டு எறங்குது."

"ரெண்டே மடிப்புதாங்க சின்னய்யா. இறுக்கி மடிக்கப்படாது. ஊதறப்ப கை வீங்கும்ங்க."

"நான் எங்கடா ஊதப் போறேன்? கல்யாணத்துக்குத்தான். பட்டுல தைக்கச் சொல்லியிருக்கேன். கை மட்டும் செவப்பு சாட்டின்."

"மாப்ளைக்கா சின்னய்யா?" கொளஞ்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ஆமாடா. நீங்கதான் வாசிக்கணும். வேற மேளம் வந்தா நான் தாலியே கட்ட மாட்டேன்."

அன்று வீட்டுக்கு வந்து பொன்னாயியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவனுக்கு. தன்னையே யாரோ பட்டில் எழுதியதுபோல அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கல்யாணம் வைகாசியில், பெண் ஊரான வாலிகண்டபுரத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரியடுப்பு மூட்டி ஓட்டுகிற பஸ். மேளக்காரர்கள் மூவரும் கூரைமேல் பாத்திர பண்டங்களோடு உட்கார்ந்து வந்தார்கள். ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கலியபெருமாளின் அப்பா தலையை வெளியே நீட்டினார். "நீங்க முன்னால வாசிச்சுக்கிட்டுப் போங்கடா. நாம வந்துட்டோம்னு அவுங்களுக்குத் தெரியட்டும்."

வாசித்துக்கொண்டே ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆலத்தட்டோடு பெண்களும், மாலையோடு பெண்ணின் தாய்மாமனும் காத்திருந்தார்கள். மாமன் முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தார், மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டதற்கு, "செவப்புக் கை வெச்ச புது மோஸ்தர் சட்டை, நெத்தியில முடி விழும்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கொளஞ்சி வாத்தியத்தை எச்சில் துடைக்க அரியமுத்துவிடம் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று காலரைச் சரிசெய்தான். கையில் ஒன்றும் இல்லை. மங்கின வெளிச்சத்தில் வாத்தியம் பிடித்த மற்ற இருவர் மட்டுமே மேளக்காரர்களாகத் தெரிந்தார்கள். மாமன் நேராக வந்து அவன் கழுத்தில் மாலையைப் போட்டார்.

"வாங்க மாப்ள, வாங்க. வழியில ரொம்ப செரமமா?" சந்தனத்தை எடுத்து அவன் இரண்டு கையிலும் பூசி, கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, நான் இல்லீங்க... நான் மேளக்காரனுங்க..." கொளஞ்சி கைகளை உருவிக்கொண்டு பின்னால் போனான்.

மாமன் கை அப்படியே நின்றது. ஆலத்தட்டு பிடித்திருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, இந்த மாப்ளையே நல்லாத்தான இருக்காரு. இவரயே வெச்சுக்கலாம்டி" என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தங்கங்களே. கல்யாணத்து விளையாட்டுப் பேச்சு. ஆனால் அந்தச் சிரிப்பு நடக்கும்போதே பஸ் வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமன் தீட்டுக் கழியக் குளத்தில் முழுக்குப் போடப் போய்விட்டார்.

கலியபெருமாளின் அப்பா பெரியவருக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. "அது வேஷமா இருந்த வரைக்கும் நாங்க ஒண்ணும் பேசல. இப்ப அது மாப்ள உடுப்பு. அத நீ எப்படிடா போடுவ?"

கொளஞ்சி கலியபெருமாளைப் பார்த்தான். "சின்னய்யா, நீங்க சொல்லுங்க. வாய்க்காக் கரையில வந்து..."

கலியபெருமாள் பட்டுச் சட்டையில் நின்றான். சாட்டின் கை இரண்டு மடிப்பு மடித்திருந்தது, இறுக்காமல். அவன் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தான்.

"கழட்டுடா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மூன்று சட்டைகளும் பஸ்ஸின் கரியடுப்புக்குள் போயின. கல்யாணம் நிற்கக் கூடாதே, அதனால் வெறும் உடம்போடு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார்கள். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கொளஞ்சியைக் களத்துமேட்டுக்குக் கூப்பிட்டார்கள். அடித்தவர்கள் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பெரியவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். அதைப் பொன்னாயி தன் காதால் கேட்டாள்.

"கைய வுட்டுடுங்கடா. குறுவைக்கு ஆள் வேணும். வாயில அடிங்க."

முன்பற்கள் எல்லாம் போயின. உதடு கிழிந்து கோணலாகச் சேர்ந்தது. புண் ஆறியதும் அவன் கார்னெட்டை எடுத்து ஊதிப் பார்த்தான். காற்றுதான் வந்தது. மறுநாளும் பார்த்தான். அதற்கு மறுநாளும்.

"இன்னுங் கொஞ்சம் பொறுய்யா, ஒதடு தேறிடும்" என்றாள் பொன்னாயி.

"ஒதடு தேறும். பல்லு?" பேச்சிலும் காற்று கலந்துவிட்டிருந்தது.

அடுத்த திருவிழாவுக்கு அவள்தான் அவனை வற்புறுத்திச் சிறுவாச்சூருக்குக் கூட்டிப்போனாள், அம்மனிடம் முறையிடலாம் என்று. அங்கே திரும்பின பக்கமெல்லாம் ஒட்டுக்கைச் சட்டை. கடையில் தொங்கியது, கணக்குப்பிள்ளை போட்டிருந்தார், சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

"வழிய வுடு பெரியவரே" என்று இரண்டு வாலிபர்கள் கொளஞ்சியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

"இது யாரு கொண்டாந்த மோஸ்தர் தெரியுமாடா? தா.பழூர் கலியபெருமாள். கல்யாணத்துக்கே இதத்தான் போட்டாராம்" என்றான் ஒருவன்.

பொன்னாயி வாயைத் திறந்தாள். கொளஞ்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். வலித்தது அவளுக்கு. முறையிட வந்தவர்கள் சந்நிதிக்குள் போகாமலே திரும்பினார்கள்.

"அது என் சேலன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் வழியில்.

"சொன்னா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

ஆனி மாதம் அரியமுத்து வந்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கும் வயிறு இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் ஒருவன் கார்னெட் ஊதுவானாம். ஆனால் அவனிடம் வாத்தியம் இல்லையாம்.

"குடுக்காதய்யா" என்றாள் பொன்னாயி.

கொளஞ்சி உள்ளே போய் அதை எடுத்து வந்தான். "வூட்ல இருந்தா நான் தெனம் ஊதிப் பாப்பேன், பொன்னாயி."

துணியில் சுற்றக்கூட இல்லை. அப்படியே கொடுத்தான்.

சில நாள் கழித்து இருவரும் பெரிய வீட்டு வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் போயிற்று. முன்னால் மேளம் மூன்று பேர், இடுப்பில் துண்டோடு. பின்னால் வண்டியில் மாப்பிள்ளை, சிவப்புக் கையோடு. கார்னெட் சத்தம் வயல்மேல் வந்து விழுந்தது. கொளஞ்சி களத்துமேட்டில் முதன்முதலாக ஊதின மெட்டு.

பொன்னாயி நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்தபடியே இருந்தான்.

"உன்னாட்டம் இல்லய்யா" என்றாள்.

கொளஞ்சி கொஞ்ச நேரம் கேட்டான்.

"என்னாட்டமேதான் இருக்கு" என்றான். வேரில் ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீரில் அலசி, முடிச்சுப் போட்டுப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த பிடிக்குக் கையை நீட்டினான்.