மூன்றாம் பத்தி

படகுப் பதிவு பற்றி வந்த அரசுச் சுற்றறிக்கையைக் கோட்டைக்குப்பத்தில் ஒருவராலும் முழுசாகப் படித்து முடிக்க முடியவில்லை. எழுதியவனுக்காவது புரிந்ததோ என்னவோ. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலைவிடுவது என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிப்பதுபோல், அதையும் பத்தி பத்தியாகக் கத்தரித்துப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் பத்தியை நன்றாகப் படித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

ஸ்டீபனுக்கு மூன்றாம் பத்தி விழுந்தது. 'மேற்படி படகுகள் நீங்கலாக ஏனையவை பதிவு செய்யப்படத் தேவையில்லை.' மெதுவாகப் படித்தான், சத்தம் போட்டுப் படித்தான், புரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டான். தன் படகு மேற்படியா, ஏனையதா? தலை சுற்றியதுதான் மிச்சம்.

இரண்டாம் பத்தி ஞானதாஸிடம் இருந்தது. போய்க் கேட்டான்.

"அத்தக் கொஞ்சம் காட்டுண்ணா. மேல இன்னா எழுதிக்கீதுனு பாத்தாத்தான் என்னுது புரியும்."

ஞானதாஸ் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது என் பாடு. போன மாசம் என் வலை நுனி உன் பாட்டுல பட்டுச்சுனு ஊரையே கூட்டுனியே, நெனப்பு இருக்கா?"

ஸ்டீபன் வீட்டுக்குத் திரும்பி ஆறாவது முறையாகப் படித்தான். 'மேற்படி' என்பதற்கு மேலே கத்தரி வெட்டிய விளிம்புதான் இருந்தது.