விடுபட்ட பதினொரு சுற்றுகள்

ஷின்ச்சு நகரில் எங்கள் சோதனைக்கூடத்துப் பெட்டிக்குள் அந்த மின்சுற்றுப் பலகை மணிக்கொரு முறை கொதித்து உறைந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் சுவாசக் கருவிக்காக என் கணவன் குவான்-யூ வடிவமைத்தது. சூட்டில் சிப் ஓர் அளவு விரியும், பலகை வேறோர் அளவு விரியும். இழுபடுவது இரண்டுக்கும் நடுவே உள்ள பற்றவைப்பு. இப்படி ஆயிரம் சூடு-குளிர் சுற்று அது தாங்க வேண்டும். குவான்-யூவின் நுரையீரலில் கட்டி இருந்தது. ஆயிரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனை என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

இயந்திரம் சொன்னபடி கேட்க அதன்மேல் பச்சை உறைத் தின்பண்டப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். பதற்றத்தில் நான் பலகையின் மின்தடையைப் பதியும் கருவியின் மேல் பெரிய பொட்டலமாக வைத்துவிட்டுப் போனேன். காலையில் கருவி சூடேறி நின்றுபோயிருந்தது. பொட்டலம் அதன் காற்றுத் துளைகளை மூடிக் கிடந்தது. 962க்குப் பிறகு பதினொரு சுற்றுகளுக்குப் பதிவே இல்லை.

"சூட்டைக் குறைக்கத்தான் உனக்குச் சம்பளமே," என்றான் குவான்-யூ. "நீயே காத்து போற வழியில தீனிய வச்சிருக்க." சிரித்தான், சிரிப்பு இருமலானது.

உதவியாளர் யா-லிங் மெல்லச் சொன்னாள்: "பலகையோட சோதனை நிக்கலையே அண்ணே. முன்னாடியும் சரியா இருக்கு, இப்பவும் சரியா இருக்கு. நடுவுல மட்டும் என்ன ஆகியிருக்கப் போகுது?"

"சூட்டுல திறந்து மின்தடைய ஏத்திட்டு, குளிர்ல மூடிக்கிற விரிசலும் உண்டு. புதுப் பலகை எடு. ஒண்ணுல இருந்து ஓட்டுவோம்."

"இன்னும் ஆறு வாரம்," என்றேன். "உன் உடம்பு காத்திருக்குமா?"

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கறேன். நீ எண்ணிக்கையச் சொல்லிட்டே இரு."

தினமும் தொலைபேசியில் "எத்தனை?" என்று மட்டும் கேட்பான். நான் சற்றுத் தாமதித்தால், "மின்தடை ஏறுதா?" என்பான். ஏறவில்லை என்பேன். 640ஐச் சொல்ல அழைத்த நாளில் மறுமுனையில் செவிலிதான் பேசினாள். மறுநாள் விடியும்போது அவன் இல்லை.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அன்று பதிவு விடுபட்ட அதே பதினொன்றுக்குள், 971ஆம் சுற்றில், மின்தடைக் கோடு மேலேறியது. பலகை குளிர்ந்ததும் இறங்கியது. அடுத்த சூட்டில் மீண்டும் ஏறியது.

அறிக்கையில் 'தோல்வி' என்று எழுதினேன். யா-லிங் அதை வாங்கிப் படித்தாள்.

"அக்கா, இதுல அண்ணன் பேரு வேணுமா?"

"போடு. மறுபடி ஓட்டச் சொன்னது அவன்தான்."