அரைக்கால் சட்டைக்காரனின் வண்டிவீடு

பிராடி அரைக்கால் சட்டையோடு வந்து கதவைத் திறந்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே கண் இமையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குளிர். இந்த மனிதன் வெறுங்காலோடு, கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நிற்கிறான்.

"பாத்தீங்களா மார்லிஸ்? எங்க வீட்டுல கோடைக்காலம்!"

டகோட்டா எண்ணெய்க் கிணறுகளை நம்பிப் பிழைக்கிற எங்கள் முகாமில் எல்லோருக்கும் வண்டிவீடுதான். சக்கரத்தின் மேலேயே சமையல், தூக்கம், குளியல். நான் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் சமைக்கிறவள். என் வண்டிவீட்டுக்கு என் பாதி வயது. அதற்குள் இங்கே நான் கழித்த குளிர்காலங்களை எண்ணிச் சொல்ல மாட்டேன். பிராடி அந்த இலையுதிர் காலத்தில்தான் டெக்சாஸிலிருந்து வந்து எதிர்மனையில் இறங்கினான். வந்த வாரமே முகாமுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான்.

வெளியே தெரிகிற வேலையையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான், அதை மறுக்கவில்லை. வண்டியின் அடிப்பாகத்தைச் சுற்றி நீலத் தெர்மக்கோல் பலகை வைத்து அடைத்தான். தண்ணீர் ஹோஸ் உறையாமலிருக்கச் சூடு நாடா சுற்றினான். எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினான். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. முகாமில் கரண்டு வாடகையோடு சேர்ந்தது. வண்டியோடு வருகிற ஹீட்டருக்குக் கேஸ் நாமே வாங்க வேண்டும். ஆகவே மூன்று கரண்ட் ஹீட்டர்களை வாங்கி வந்து வைத்தான்.

அன்று நான் அவனைப் பார்க்கப் போனதே அதற்காகத்தான்.

"தம்பி, கேஸ் ஹீட்டர் உனக்கு மட்டும் இல்லப்பா. அந்தச் சூட்டுக் காத்துல ஒரு பங்கு தரைக்கு அடியில போகுது. தொட்டி, பைப்பு எல்லாம் அங்கதான கெடக்கு? நீ அறைய இப்பிடி வேக வெச்சா அது எதுக்கு எரியும்?"

"அது ஆன்லதான் இருக்கு. குளிர்ந்தா தானா எரியும். ஆட்டோமேட்டிக்."

"குளிரப்போறது அறை இல்லப்பா. வண்டியோட அடிவயிறு."

"மார்லிஸ், உங்களுது பழைய வண்டி. இதெல்லாம் புது டிசைன். நான் எத்தன வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா?"

வீடியோ! தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். இவன் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஜனெல் இருந்தாளே.

ஜனெல் அவன் மனைவி. வாய் அதிர்ந்து பேசாத பெண். அவர்களுடைய குழந்தை ஓபல் மாதம் முடியாமலே பிறந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இவள் தினமும் பனிச்சாலையில் கார் ஓட்டிப் போய், பால் கொடுத்துவிட்டு, கண் வீங்கித் திரும்புவாள். டிசம்பரில் ஒருவழியாகக் குழந்தை தேறிவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் மாவட்ட நர்ஸ் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். சூடு இருக்கிறதா, குழாயில் வெந்நீர் வருகிறதா, அவ்வளவுதான் கேள்வி. வியாழக்கிழமை காலை வருவதாகத் தகவல். அதைத் தவறவிட்டால் புத்தாண்டு கழித்துத்தான். தொட்டிலைத் துடைத்துத் துடைத்தே அதன் வர்ணத்தைப் போக்கிவிட்டாள் அந்தப் பெண்.

வியாழன் விடிந்ததும் கையில் காலிக் கெட்டிலோடு என் வாசலில் நின்றாள்.

"மார்லிஸ், தண்ணி வரல. ஒரு சொட்டுகூட வரல."

ஓடினேன். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அரைக்கால் சட்டை, பனி பூட்ஸ். உள்ளே படுத்துக்கொண்டு முடி உலர்த்தும் கருவியால் வண்டியின் அடித்தகட்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான் மேதாவி. தகட்டுக்கு மேலே இருக்கிறது பைப்பு; இவன் தகட்டைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"ஹோஸ் நல்லாத்தான் இருக்கு. முகாம் மெயின் பைப்புலதான் ஏதோ கோளாறு" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தான்.

"என் வீட்டுல வருதே?"

"உங்க வண்டி பழசு!"

உள்ளே போனேன். அடுப்படி மாதிரி இருந்தது. மூன்று ஹீட்டர்களையும் பிடுங்கிப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்தேன், கதவை விரியத் திறந்து வைத்தேன்.

பிராடி ஓடி வந்தான். "என்ன, பைத்தியமா உங்களுக்கு? நர்ஸ் வர்ற நேரம்!"

"அறை குளிர்ந்தாத்தான் உன் ஆட்டோமேட்டிக்குக்கு உறைக்கும். பேசாம இரு."

கொஞ்ச நேரத்தில் கேஸ் ஹீட்டர் உறுமிக்கொண்டு பற்றியது. அந்தக் குளிர்காலத்தில் அது எரிந்து நான் கேட்டது அன்றுதான். பிராடிக்குப் பல் தந்தியடித்தது. போய் முழுக்கால் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஜனெல் குழாயைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்றாள். நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் நின்றேன், வா, வந்து தொலை என்று.

தண்ணீருக்கு முன் நர்ஸ் வந்துவிட்டாள். லவோன் என்று பெயர், நல்ல பெண்தான். உள்ளே கால் வைத்ததும் அவள் மூச்சு புகையாக வந்தது.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள இவ்ளோ குளிரு?"

"காத்தோட்டம்" என்றான் பிராடி. "கொழந்தைக்கு நல்லதுன்னு..."

அவள் குழாய்க்கு அடியில் கையை வைத்தாள், எடுத்தாள். அவனைப் பார்த்தாள்.

"மெயின அடைச்சிட்டாங்க. முகாம்ல யாருக்குமே தண்ணி இல்ல. என்ன மார்லிஸ், சொல்லுங்களேன்?" என்றான் பிராடி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவனுக்காக நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஜனெலுக்காக ஆமாம் என்று சொல்லத்தான் போனேன். ஜனெல் முந்திக்கொண்டாள்.

"பொய். பைப்பு ஒறஞ்சு போச்சு. இவங்க அப்பவே சொன்னாங்க. இவரு கேக்கல."

லவோன் பேனாவை மூடினாள். "அப்ப என்னால சரின்னு எழுத முடியாதும்மா. மன்னிச்சுக்கோ."

அந்த நேரம் பார்த்துத் தரைக்கு அடியில் சளசளவென்று சத்தம். உறைந்தபோதே பைப்பு விரிசல் விட்டிருக்கிறது. ஐஸ் இளகியதும் விரிசல் வழியாகக் கொட்டுகிறது.

"தண்ணி வந்துருச்சு!" என்று துள்ளினான் பிராடி.

வந்தது. குழாயில் இல்லை. நீலப் பலகைக்கு அடியில் ஓடி வந்து, சக்கரத்தைச் சுற்றிக் கண்ணாடியாக இறுகியது. நான் போய் அவர்கள் மனையின் தண்ணீர்த் திருகை மூடிவிட்டு வந்தேன். இவனுக்காக அதையும் நானே செய்ய வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ஜனெல் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கொழந்த இந்த வீட்டுலதான் இருக்கணுமா?" கேட்டது அவளிடம், பார்த்தது என்னை.

என் பாத்திரத் தொட்டியில் இன்னொருவர் தேக்கரண்டி கிடந்தாலே எனக்கு ஆகாது. தனியாக இருந்து பழகியவள் நான். ராத்திரி குழந்தை அழுகை, ஈரத்துணி, பால் வாடை என்று நினைத்ததுமே வாசல் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டேன்.

"என்ன பாத்தா சத்திரம் மாதிரியா தெரியுது?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஜனெலின் கீழுதடு துடித்தது. "சரி, சரி. நிக்காம வாங்க."

என் குழாயிலிருந்து வெந்நீர் ஆவி பறக்க விழுந்தது. லவோன் அதில் கையை நனைத்துக்கொண்டே என் மனை எண்ணைக் கேட்டு எழுதினாள்.

"அப்ப நான்?" என்றான் வாசலில் நின்ற பிராடி.

"உனக்குத்தான் புது டிசைன் இருக்கே. போய் அதுல இரு."

சனிக்கிழமை ஓபல் வந்தாள். ரொட்டித் துண்டு அளவுதான் இருந்தாள். ஆனால் குரல் முகாமுக்கே கேட்டது. ஜனெல் அவளை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கதவைத் தட்டிவிட்டு பிராடி வந்தான். இரண்டு நாளாக வண்டிக்கு அடியில் கிடந்து பைப்பு மாற்றிக்கொண்டிருந்தவன், கையெல்லாம் கரி. முகத்தில் ஒரு நாளும் இல்லாத அடக்கம். இரண்டு கையையும் நீட்டினான்.

"குடு ஜனெல். ஒரு தடவ தூக்கறேன்."

ஜனெல் குழந்தையைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மொதல்ல கைய கழுவுங்க. இங்க தண்ணி வருது."

அவன் தொட்டிப் பக்கம் போனான். சோப்பைத் தேய்த்துத் தேய்த்து, கரி போன பிறகும், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவியபடியே நின்றான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது. எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. துண்டை மட்டும் எடுத்து நீட்டினேன்.