‘கிழவன்’ என்ற பள்ளம்

1.
இந்தக் கதை என் சட்டைப்பையிலிருந்து வந்தது. பழைய இரும்பு வியாபாரி நான். பையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். பித்தளை என்று கொண்டுவந்தது அதில் ஒட்டினால், கொண்டுவந்தவன் புளுகன். மனுஷன் பேச்சை நம்பிக் கடை நடத்த முடியாது. (படிப்பு ஐந்தாவது வரைதான். நான் எழுதுவதை முதலில் படித்துப் பிழை திருத்துபவள் மகள்.)

2.
‘பிரம்மாண்டமான ஆய்வுக்கூடத்தில் அன்று…’ வேண்டாம். நான் பார்க்காத இடம். சமையலறையில் தொடங்குகிறேன்.

மகள் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே மிளகளவு பச்சைக் கல். ஆராய்ச்சிக்காக ஏழு மாதம் அவளே வளர்த்தது.

“இது காந்தம்ப்பா.”

“ஒட்டுமா?”

“ஒட்டாது. உள்ள ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தம். ஒண்ணு மேல பாத்தா பக்கத்துல இருக்கறது கீழ பாக்கும். அதனால வெளிய ஒண்ணும் தெரியாது.”

“உங்கம்மாவும் நானும் மாதிரி.”

“அதேதான். விட்டுப் பிரியவும் மாட்டீங்களே! நாளைக்கு வெளியூர்ல பெரிய காந்தத்துக்குள்ள இத வச்சு, ரேடியோ அலை மாதிரி ஒண்ண விடுவோம். காந்த பலத்த ஏத்திக்கிட்டே போனா, ஒரு இடத்துல கல்லு அலைய முழுங்கும். திரையில ஓடுற கோட்டுல பள்ளம் விழும். உள்ள எவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்குன்னு அத வச்சு சொல்லிரலாம்.”

3.
(இதை இரண்டு முறை கிழித்தேன்.)

அவள் குளிக்கப் போனதும் நான் என் காந்தத்தை

சரி, கல் மேல் வைத்தேன். ஒட்டவில்லை. பெண் சொன்னது நிஜம். ஆனால் என் காந்தத்துக்கு எப்போதும் இரும்புத்தூளில் மீசை முளைத்திருக்கும்.

[குறிப்பு: கல்லைச் சட்டை நுனியால் துடைத்துத்தான் திரும்ப டப்பாவில் வைத்தேன். அதுவும் கடைச் சட்டை.]

4.
மூன்றாம் நாள் போன்.

“அப்பா, நெனச்ச பள்ளம் வந்துச்சு. கூடவே புதுசா ஒண்ணு! அகலமா இருக்கு, கல்ல எப்படித் திருப்பினாலும் நகர மாட்டேங்குது. உங்க பிடிவாதம். ‘கிழவன்’னு பேர் வச்சிட்டோம். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரைய அனுப்பறோம்.”

“இரும்புத்தூள் பட்டாலும் பள்ளம் விழுமா?”

“நல்லா விழும். ஆனா டப்பா என்கிட்டயேதானே இருந்துச்சு? வேற யார் கை பட்டுது?”

யாரையும் நம்பாதவனுக்கு இப்படி ஒரு மகள். போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்லாததைக் கையால் எழுதுகிறேன்.

5.
கதைக்கு முடிவு ஒன்று: புதுப் பள்ளம் கல்லுடையதே. அப்பன் நிரபராதி. (ஆசைதான்; என் தூளை எனக்குத் தெரியாதா?)

முடிவு இரண்டு: அப்பன் வாயை மூடிக்கொள்கிறான், மகள் பேர் வாங்குகிறாள். பித்தளை மாதிரி மினுக்குகிறது. காந்தம் வைத்தால் ஒட்டும்.

மூன்றாவது என் கையில் இல்லை. இன்று புதன். சாயங்காலம் ஊரிலிருந்து வந்ததும் சிவப்புப் பேனாவோடு இதைப் படிப்பாய். எழுத்துப்பிழை கிடக்கட்டும், அம்மாடி. முதலில் கல்லைக் கழுவி இன்னொரு தடவை அந்தப் பெரிய காந்தத்துக்குள்ளே வை. கிழவன் காணாமல் போனால், வீட்டுக்கு வந்து திட்டு. போகாமல் நின்றால், மீதியை நீ எழுது.