இரண்டு புள்ளி நான்கு

மட்டன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் இன்ஷாவுக்கு அந்த நான்கு நினைவுக்கு வந்தது. தேக்கா சந்தையிலிருந்த பிரியாணிக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் ஆயிஷா, நிறைமாத மருமகளின் முகம் போன போக்கைப் பார்த்து, எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"என்ன புள்ள, வலிக்குதா? டாக்சி கூப்பிடவா?"

"வலியில்ல மாமி. நாலு! நாலை மறந்துட்டேன்!"

"எந்த நாலு?"

எங்கிருந்து சொல்வது? டயாலிசிஸ் நிலையங்களில் யாருக்கு எப்போது எந்த நாற்காலி என்று காட்டும் செயலி அவள் வேலை பார்க்கும் நிறுவனத்துடையது. அதைத் திருத்தி வெளியே அனுப்பும்போதெல்லாம் ஒரு பதிப்பு எண்ணை டேக்காக, அதாவது அடையாளச் சீட்டாக, போட வேண்டும். அதை வைத்துத்தான் சர்வர் எது புதியது என்று தெரிந்துகொள்ளும். மூன்று வருடமாக அதைக் கையால் போட்டவள் இன்ஷா. அவள் காய்ச்சலில் படுத்த ஒருநாள் வேறொருவர் எண்ணைத் தவறாகப் போட, பழைய பதிப்பு போய், ஒரே நாற்காலிக்கு இரண்டு நோயாளிகள் வந்து நின்றார்கள். அதிலிருந்து அவள் எங்கிருந்தாலும் எண் போடச் சொல்லி ஃபோன் வரும். தங்கையின் நிக்காஹ் அன்றும் வந்தது. பிரசவ அறைக்கும் வந்துவிடும் என்ற பயத்தில்தான், எண்ணைத் தானே ஏற்றி டேக் போடும் ஏற்பாட்டை எழுதி முடித்தாள். நாளை முதல் விடுப்பு. இன்றுதான் அது முதல்முறையாகத் தானே ஓடுகிறது.

ஆனால் நான்கு என்பது சீனர்களுக்கு ஆகாத எண். நோயாளிகள் பார்க்கும் திரையில் அது எதற்கு என்று, யாரும் சொல்லாமலே மூன்றிலிருந்து ஐந்துக்கும், பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்கும் தாவிவிடுவாள். அந்தப் பழக்கம் அவள் விரலோடு நின்றுவிட்டது. எழுதிய ஏற்பாட்டில் அது இல்லை. காலைவரை இருந்த பதிப்பு 2.3.

ஃபோன் அடித்தது. இரண்டு பேருக்கும் எச்சில் கை. மாமியார் இடது விரல் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினார். கூட வேலை பார்க்கும் திலீப்.

"இன்ஷா, போயிடுச்சு! டூ பாயிண்ட் ஃபோர், எல்லா சென்டர்லயும்."

"ஐயோ, நிறுத்து! மேடம் கோ பார்த்தா அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக்கே வேணாம், பழையபடி கையால போடுங்கன்னுடுவாங்க."

மேடம் கோ அந்த நிலையங்களின் சீன முதலாளி.

"பார்த்துட்டாங்க. கால் பண்ணாங்க."

"திட்டினாங்களா?"

"சிரிச்சாங்க லா. 'நாலு எங்க, பதினாலு எங்கன்னு மூணு வருஷமா தேடறேன். ஒவ்வொரு தடவையும் எதையோ கெடுத்துட்டு என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் ஒழுங்கா வந்திருக்கு'ங்கறாங்க."

"அப்ப நாலு பரவாயில்லையா?"

"அவங்க வீடே நாலாவது மாடியாம்."

மாமியாருக்குச் சிரிப்பில் புரையேறியது. "யாரும் வைக்கச் சொல்லாத நோன்பை மூணு வருஷமா வச்சிருக்கியே புள்ள!"

இன்ஷாவுக்கும் சிரிப்பு வந்தது.

"இன்னொரு சின்னத் திருத்தம் போகுது. நீ பாட்டுக்குச் சாப்பிடு," என்று திலீப் வைத்துவிட்டான்.

பழக்கத்தில் அவள் கை ஃபோனை நோக்கி நீண்டது.

"எச்சில் கை," என்றார் மாமியார்.

நீண்ட கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. அவள் தொடாமலே திரை ஒருமுறை ஒளிர்ந்தது. பச்சை நிறத்தில் ஒரு டிக், பக்கத்தில் 2.4.1. உள்ளே குழந்தை புரண்டது. மாமியார் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.